ஆடியில் ப்ராசஸர் மாற்றக் கூடாது

என் கம்ப்யூட்டருக்கு என்ன கோளாறு என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அதற்கு என்ன வாங்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்களில் ஒருவரையும் நான் கேட்கவில்லை. கேட்காமல் யோசனை சொல்லுகிறவர்களை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. கல்யாணமான பிறகு அறவே பிடிக்காமல் போய்விட்டது.

நான் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள். கணவருக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் மாமியாரோடு இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து வீடே கண்ணயரும் நேரத்தில் நான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்காருவேன். துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. ஐந்து பேர் ஓர் அணி. எடமலைப்பட்டி புதூரில் அம்மா அப்பாவோடு இருக்கும் என் தம்பிதான் கேப்டன். மற்ற மூன்று பேரும் அவனோடு காலேஜில் படித்தவர்கள். ஐந்தாவது ஆள் நான். அந்த விளையாட்டை அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அதை இப்போது யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

என் வேலை பின்வாசலைக் காப்பது. எதிரி அணி சுற்றிக்கொண்டு வந்தால் நான்தான் தடுக்க வேண்டும். வீட்டில் நான் மருமகள், ஆபீஸில் மேடம், அம்மா வீட்டில் விருந்தாளி. அந்தப் பின்வாசலில் மட்டும்தான் நான் இல்லாவிட்டால் நாலு பேர் சாவார்கள். எனக்கு அது எவ்வளவு முக்கியம் என்று வெளியில் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அந்த வருஷம் சித்திரை வாக்கில் படம் திக்க ஆரம்பித்தது. எதிரி வாசலுக்கு வருவான், நான் குறி பார்ப்பேன், படம் அப்படியே நின்றுவிடும். மறுபடி அசையும்போது நான் செத்துக் கிடப்பேன். காதில் தம்பி கத்துவான்.

"அக்கா, என்ன பண்ற? கதவைத் தொறந்து வெச்சு வாங்க வாங்கன்னு கூப்பிடுறியா?"

"படம் நிக்குதுடா."

"உன் ப்ராசஸர் செத்துப்போச்சுக்கா. மாத்து. எத்தனை வாட்டி சொல்றது?"

மற்ற மூன்று பேரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். லைனில் நான் இருந்தால் அவர்கள் அப்படித்தான், வாயில் கொழுக்கட்டை. மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் பேசுகிற சத்தம் கேட்டு மாமியார் எழுந்து வருவார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போவார். அவர் என்னை நேராகத் திட்டியதே கிடையாது. சுவருக்கு வாயிருந்தால் அதுதான் எனக்காக வக்காலத்து வாங்க வேண்டும்.

எங்கள் சண்டைக்குக் காரணமே அந்தக் கம்ப்யூட்டர் இருக்கும் இடம்தான். வீட்டில் வேறு இடம் இல்லாததால் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு மேஜையும் அதன் அருகே தரையில் பலகை போட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியும் வைத்திருந்தோம். சாமிக்குப் பக்கத்தில் நான் சுடு, சுடு என்று கத்துவது மாமியாருக்குப் பொறுக்கவில்லை. பதிலுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் தூபக்காலை எடுப்பார். தணலில் சாம்பிராணியைத் தாராளமாகத் தூவி, அடுக்களை, கட்டில், பீரோ, வாசலில் நிற்கும் ஸ்கூட்டர் என்று எல்லாவற்றுக்கும் காட்டிவிட்டுக் கடைசியில் என் பெட்டிக்கு முன்னால் வந்து நிற்பார். அங்கேதான் ரொம்ப நேரம். என்னை நாற்காலியிலிருந்து விரட்டத்தான் இந்த ஏற்பாடு என்று எனக்குத் தெரியும். நானும் எழுந்திருக்க மாட்டேன். கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருப்பேன்.

"பாத்தியா, சாமி புகையை இவ பொட்டியே வா வான்னு இழுத்துக்குது. அதுக்கு இருக்கிற பக்திகூட இவளுக்கு இல்ல" என்பார் சுவரிடம். பெட்டியின் முன்பக்க விசிறி காற்றை உள்ளே இழுக்கும். புகையும் அதோடு போகும். இதில் பக்தி எங்கே வந்தது என்று கேட்க நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிடுவேன்.

வைகாசியில் தம்பி ஒரு செய்தி கொண்டுவந்தான். தில்லை நகரில் கேம் சென்டர் நடத்துகிறவர் ஒருவர் மாவட்ட அளவில் போட்டி வைக்கிறார். அவரவர் வீட்டிலிருந்தே ஆடலாம். ஐந்து பேர் பெயரையும் ஆடி முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும்.

"அதுக்குள்ள நீ ப்ராசஸரை மாத்திட்டா நீதான் அஞ்சாவது ஆள். இல்லாட்டி பசங்க வேற ஆள் பாக்கணும்கிறாங்க. நான் என்னக்கா பண்ணுவேன்?" என்றான்.

என் இடம் போய்விடும் என்று அவன் சொன்ன விதத்தில் வருத்தம் இருந்ததாகத்தான் எனக்குத் தோன்றியது.

அவசரப்பட்டு வாங்குகிற ஜாதி இல்லை நான். ப்ராசஸரை எப்போது மாற்ற வேண்டும் என்று இணையத்தில் தேடினேன். அது இன்னொரு நரகம். சிவப்பு விளக்குப் போட்ட அறையில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் "இன்னும் இந்த ப்ராசஸரா வெச்சிருக்கீங்க?" என்று, ஏதோ நான் ஊசிப்போன சாம்பார் வைத்திருப்பதுபோலக் கேட்டான். இன்னொருவன் அடுத்த மாடல் வரும்வரை பொறுக்கச் சொன்னான். அடுத்த மாடல் வந்ததும் அதற்கடுத்ததற்குப் பொறுக்கச் சொல்வான். இவர்கள் பேச்சைக் கேட்டால் ஒன்று தினமும் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் சாகும்வரை வாங்கவே கூடாது. என் கட்சி ஒன்றுதான்: தடுக்கிறது ப்ராசஸர்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மாற்றலாம். திரையில் பார்த்தால் ப்ராசஸர் முழு மூச்சாக உழைப்பதாகத்தான் காட்டியது. மூச்சு முட்டுகிறது என்றே நானும் முடிவு செய்தேன்.

தம்பியையும் கூட்டிக்கொண்டு சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்தே பேசினார்.

"என்ன கேம் ஆடுறீங்க தம்பி?"

"ஆடுறது நான்" என்று என் போர்டின் மாடலைச் சொன்னேன்.

அதற்கும் அவர் தம்பியைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "மேடம்கிட்ட இருக்கிற போர்டுல இப்ப வர்ற ப்ராசஸர் எதுவும் உக்காராதுங்க. ப்ராசஸரோட கால் வேற, போர்டுல அது உக்கார்ற குழி வேற. புது ப்ராசஸர் வேணும்னா போர்டும் மாத்தணும். போர்டு மாத்துனா மெமரியும் மாத்தணும். தனியா ப்ராசஸரை மட்டும் வாங்கிட்டுப்போனா பீரோவுல வெச்சுக்க வேண்டியதுதான்." தம்பி பக்கத்தில் நின்று தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

செருப்பு கடிக்கிறது என்று போனால் காலை மாற்றச் சொல்லுகிறார்கள். கோபத்தோடு வெளியே வந்தேன். ஆனாலும் வாங்குவது என்று முடிவு செய்தேன். யோசித்துக்கொண்டே இருந்ததில் ஆடி பிறந்துவிட்டது.

"ஆடியில புதுசு எதுவும் வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்றார் மாமியார். இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தே சொன்னார்.

"ஊர் பூரா ஆடித் தள்ளுபடி போட்டு விக்கிறானே அத்தை?"

"விக்கிறவனுக்கு என்ன? அவன் வீட்டுலயா கொண்டுபோய் வைக்கப் போறான்? துணிமணி எடு, வேணாங்கல. கரன்ட்ல ஓடுற சாமான் எதுவும் ஆகாது."

இந்தச் சட்டம் யார் எழுதியது என்று தெரியவில்லை. ஆனால் அதற்கு அப்பீல் கிடையாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணமான புதிதில் ஆடியில் நான் வாங்கிய ஃபிரிட்ஜ், ஆவணி பிறக்கும்வரை எடமலைப்பட்டி புதூரில் அம்மா வீட்டுக் கூடத்தில் அட்டைப்பெட்டியோடு நின்றது. தம்பி அதன்மேல் துண்டு காயப்போட்டான்.

கணவரிடம் முறையிட்டேன். அவர் தினத்தந்தியை மடிக்காமலே, "எதுக்கும் ஆடி போகட்டுமே" என்றார். இந்த மனிதர் பணிமனையில் என்ன செய்கிறார் என்று எனக்குப் பல நாள் சந்தேகம். வண்டி நின்றாலும் ஆடி போகட்டும் என்றுதான் சொல்வார் போலிருக்கிறது.

தம்பிக்குப் போன் செய்து ஆவணி முதல் தேதி வாங்கிவிடுகிறேன், பெயரை மட்டும் கொடுத்துவை என்றேன். "ஆவணி வரைக்கும் டீம் காத்திருக்காதுக்கா" என்றான். யோசிக்காமல் சொன்னான். எழுதிவைத்துப் படிப்பதுபோல இருந்தது.

ஆடி வெள்ளி வந்தது. மற்ற வெள்ளிக்கே அப்படியென்றால் ஆடி வெள்ளிக்குக் கேட்க வேண்டுமா? மாவிளக்கு, கூழ், வேப்பிலை, அதற்கு மேல் புகை. கொள்ளிடத்தில் பனி இறங்கியதுபோல வீடு வெள்ளையாக இருந்தது. மறுநாள் மத்தியானம் கம்ப்யூட்டரைப் போட்டேன். முன்பெல்லாம் திக்கியது, அன்று ஊமையாகிவிட்டது. நாலு அடி நடந்தால் படம் நின்றது. ஆத்திரத்தில் பெட்டியின் பக்கவாட்டில் ஓர் அறை விட்டேன். கை சுட்டது. தோசைக்கல் மாதிரி இருந்தது.

அப்போதுதான் ப்ராசஸரின் சூட்டைக் காட்டும் புரோகிராமைப் போட்டுப் பார்த்தேன். சூடு தாங்காத அளவுக்குப் போயிருந்தது. சூடு ஏறினால் எரிந்துபோகாமலிருக்க ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதாவது என் ப்ராசஸர் கிழடாகவில்லை, வெந்துகொண்டிருந்தது.

திருகாணிகளைக் கழற்றிப் பெட்டியின் பக்கவாட்டு மூடியை எடுத்தேன். முதலில் வந்தது வாசனை. கோயிலுக்குள் நுழைந்ததுபோலக் கமகமவென்று சாம்பிராணி. ப்ராசஸரின் மேல் சூட்டை இழுத்து வெளியே விடும் உலோகத் தகடுகள் இருக்கின்றன, அவற்றின் இடைவெளி ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. தூசும் சாம்பிராணிப் பிசினும் சேர்ந்து பழுப்புக் கம்பளிபோல அப்பிக்கிடந்தன. விரலை வைத்தால் ஒட்டியது. விசிறி சுற்ற முடியாமல் முனகிக்கொண்டிருந்திருக்கிறது.

"அத்தை, இங்க வாங்க!"

அவர் வந்து எட்டிப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். "வாசனையாத்தானே இருக்கு" என்றார்.

"உங்க புகைதான் உள்ள போய் அடைச்சிருக்கு. என் மெஷினைக் கொன்னதே நீங்கதான்."

"நானா? எல்லாத்துக்கும் காட்டுனதவிட உன் பொட்டிக்குத்தான் கூடக் காட்டுனேன். எந்நேரமும் அது முன்னாடியே கெடக்கிறியே, யார் கண்ணும் படக்கூடாதேன்னுதான் காட்டுனேன். நல்லதுக்குக் காலம் இல்ல."

நல்ல எண்ணத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? அன்று மாலை வரை கத்தினேன். அவரும் விடவில்லை. ஆண்டவனுக்குக் காட்டும் புகையை அடைப்பு என்று சொல்லுகிற வாயும் ஒரு வாயா என்று சுவரிடம் புகார் சொன்னார். கணவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போனார். வீட்டில் பால் இருந்தது.

பழைய டூத் பிரஷும் ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்து ஒவ்வொரு தகடாகச் சுரண்டினேன். ப்ராசஸருக்கும் அந்தத் தகடுகளுக்கும் நடுவில் தடவும் பேஸ்ட் ஒரு டியூப் புதிதாகத் தேவைப்பட்டது. வாங்கிவந்து வாசலிலேயே நின்றுகொண்டு, ஆடியில் இது உள்ளே வரலாமா என்று வேண்டுமென்றே மாமியாரிடம் கேட்டேன். டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேஸ்ட்டுதானே, மளிகைச் சாமான்ல சேத்தி" என்று தீர்ப்புச் சொன்னார்.

ஞாயிறு காலையில் எல்லாவற்றையும் மாட்டிப் போட்டேன். விசிறிச் சத்தமே கேட்கவில்லை. விளையாட்டைத் திறந்தேன். பின்வாசலில் போய் நின்றேன். எதிரி வந்தான், சுட்டேன், விழுந்தான். படம் தண்ணீர்போல ஓடியது. வாய்விட்டுச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அந்த வருஷத்தில் வேறு எதிலும் வரவில்லை. உடனே தம்பியைக் கூப்பிட்டேன். கையில் பேஸ்ட் ஒட்டியிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தேன். கொஞ்சம் தள்ளி மாமியார் முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"டேய், ப்ராசஸர்ல ஒண்ணும் இல்லடா! சாம்பிராணிப் புகை அப்பிச் சூடாகியிருக்கு. சுத்தம் பண்ணிட்டேன், பறக்குது. பேரைக் குடுத்துடு."



"பேர் குடுத்தாச்சுக்கா."

"என் பேரையா?"

"இல்லக்கா. பசங்களோட ஃப்ரெண்ட் ஒருத்தன்."

"எப்ப குடுத்த?"

"ஆடி பொறக்கறதுக்கு முன்னாடியே. நாம கடைக்குப் போறதுக்கும் முன்னாடி."

அப்படியென்றால் என்னோடு கடைக்கு வந்து தலையை ஆட்டிக்கொண்டு நின்றபோதே என் இடம் போய்விட்டது. அதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. பொங்கலுக்குச் சீர் கொண்டுவந்தபோது, ஒரு டிஸ்க் மாட்டித் தருகிறேன் என்று இந்தப் பெட்டியைத் திறந்தவன் அவன்தான். மூடிவிட்டு எழுந்தவன் விரல்களை மோந்து பார்த்துச் சிரித்தான். "எல்லாம் நல்லா இருக்குக்கா" என்று என் துண்டில் கையைத் துடைத்தான். அந்தத் துண்டில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. அது வெல்லப்பாகு என்று நினைத்துத் துவைத்தேன்.

"பொங்கலுக்குத் தொறந்தியே, அப்பவே பாத்தியாடா?"

"பாத்தேன்க்கா."

"ஏன் சொல்லல?"

"அக்கா, நீ கோவப்படாத. பசங்க ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தாங்க. நீ லைன்ல இருந்தா வாய்விட்டுப் பேச முடியல. ஒரு கெட்ட வார்த்தை பேச முடியல. அக்கா இருக்காங்க, அக்கா இருக்காங்கன்னு நாக்கைக் கடிச்சுக்கிட்டே ஆடறோம்னாங்க. உன் மூஞ்சிக்கு நேரா வராதன்னு எப்படிச் சொல்றது? மெஷின் தானா நின்னுபோச்சுன்னா உனக்கும் மனசு நோகாதுன்னு..."

"ஆடியில இந்த வீட்டுல எதுவும் வாங்க விட மாட்டாங்கன்னு தெரிஞ்சேதான் மாத்து மாத்துன்னு சொன்னியா?"

ஃபிரிட்ஜின்மேல் துண்டு காயப்போட்டவனுக்குத் தெரியாதா?

மரியாதையாம். என் தம்பி என்னிடம் வளர்ந்தவன், அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை இருந்த காலத்தில் பொன்மலைக் குவாட்டர்ஸில் குழாயடிச் சண்டைக்கு நடுவில் குடம் வைத்தவள் நான். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளில் பாதிகூட அந்தப் பயல்கள் கேட்டிருக்க மாட்டார்கள். என்னிடம் கேட்டிருந்தால் நானே பேசியிருப்பேனே! ஒருவனும் கேட்கவில்லை. எனக்கு நோகக் கூடாது என்று என்னைத் தவிர எல்லோரும் கூடி முடிவு செய்திருக்கிறார்கள். அன்று அவனுக்காகக் குழாயடியிலிருந்து சிலவற்றை எடுத்து வரிசையாகப் பேசினேன். போனை வைத்தபோதுதான் மாமியார் கீரையைக் கையில் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

"கடைசியா சொன்னது நான் கேட்டதே இல்ல" என்றார்.

வேறெதுவும் சொல்லவில்லை. சுவரிடமும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பழைய சேலையை எடுத்து என் பெட்டியை முழுக்கப் போர்த்திவிட்டுத்தான் தூபக்காலை எடுத்தார்.

போட்டியில் அவர்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியே வந்தார்கள் என்று கேள்வி. எதிரி அணி பின்வாசல் வழியாக வந்ததாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஞாயிறு மத்தியானங்களில் கம்ப்யூட்டருக்கு முன்னால் தனியாக உட்காரும்போது அந்தச் சந்தோஷம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. யார் யாரோ தெரியாதவர்களோடு சேர்ந்து ஆடினேன். படம் ஒருமுறைகூட நிற்கவில்லை. நான் செத்தாலும் யாரும் கத்தவில்லை.

மறு பொங்கலுக்குத் தம்பி சீர் கொண்டுவந்தான். அக்கா கோபமாக இருக்கிறாள் என்று சீர் நின்றுபோனால் ஊர் சிரிக்கும் அல்லவா? கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், பழம் எல்லாம் தாம்பாளத்தில் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, பூவைச் சுற்றி, ஒரு சின்ன அட்டைப்பெட்டி. ப்ராசஸர்.

"அக்கா ரொம்ப நாளா ஆசைப்பட்டுச்சுல்ல மாமா" என்று என் கணவரைப் பார்த்துச் சொன்னான். என்னைப் பார்க்கவில்லை.

"பரவாயில்லையே மாப்ள!" என்று கணவர் பூரித்துப்போனார்.

நான் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். சீல் கிழிந்திருந்தது. போட்டிக்காக அவன் தன் கம்ப்யூட்டரை மாற்றிக்கொண்டான் என்று அம்மா சொல்லியிருந்தாள். அவனிடமிருந்து கழன்றதுதான் எனக்குச் சீராக வந்திருக்கிறது. பழையது என்பதுகூடப் பெரிதில்லை. பெட்டியின் மேலிருந்த எண்ணைப் படித்தேன்.

"மாட்டிப் பாரேன்" என்றார் மாமியார்.

"இது என் மெஷின்ல உக்காராது அத்தை. போர்டு வேற."

"அது இவனுக்குத் தெரியாதா?"

"தெரியும். கடையில சொல்றப்ப கூடத்தான் நின்னான்."

தம்பி கரும்பின் சோகையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். நான் பெட்டியை அவன் கையிலேயே திருப்பிக் கொடுக்க எழுந்தேன். மாமியார் குறுக்கே வந்தார்.

"பொறந்த வீட்டுச் சீரைத் திருப்பக் கூடாது" என்று பெட்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அவனைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தார். பெட்டியைச் சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தார். பிறகு அவனுக்கு இலை போட்டார். சர்க்கரைப் பொங்கலும் வைத்தார், முந்திரி இல்லாத பக்கமாகப் பார்த்து.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல என் பெட்டியைச் சேலையால் மூடினார். தூபக்காலோடு வீடு முழுக்கச் சுற்றிவிட்டு அலமாரிக்கு முன்னால் வந்து நின்றார். கீழ்த்தட்டைக் காட்டி, "இதுக்கும் காட்டவா?" என்று என்னைக் கேட்டார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

"அதுக்கு எவ்வளவு நேரம் வேணும்னாலும் காட்டுங்க அத்தை" என்றேன்.